லைன் வந்த நேரம்

“பொய் சொல்லாதீங்க மேடம். லைன் வரல. வந்திருந்தா எங்கம்மா கூப்பிட்டிருப்பாங்க.”

சின்னவன் மாடிப்படியில் நின்றுகொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினான். வாசலில் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். கூடத்தில் அவன் அம்மா குளிர்பெட்டிக்குள் கிடந்தாள். வண்டி நான்கு மணிக்கு வருகிறது. மணி மூன்றாகப் போகிறது.

“சிஸ்டத்துல பாத்துட்டுதான் சொல்றேன் சார். நேத்து நைட் ஒன்பது நாப்பதுக்கே லைன் ஆக்டிவ் ஆயிடுச்சு சார்,” என்றது ஒரு பெண்ணின் குரல். சின்ன வயசுக் குரல். அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது.

“உங்க சிஸ்டம் ஆயிரம் சொல்லும். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஆகும்னு உங்க கடைக்காரர்தான சொன்னாரு? ஒரு ராத்திரி முழுக்க வயசான பொம்பளைய போன் இல்லாம விட்டு வச்சிருக்கீங்க. அவங்க கீழ விழுந்து கிடந்தப்ப யாரைக் கூப்பிடுவாங்க? உங்களையா?”

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது அங்கே ஒருத்திக்கு மட்டும் தெரியும். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா பெரியவளுக்கு. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் சித்திக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவள். கஞ்சம் என்றால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிக்கனம் என்று சொல்ல வேண்டும். போன் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். காலையில் எழுந்ததும் பெரியவளுக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிடுவாள். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பெரியவள் பதிலுக்கு ஒரு ரிங் கொடுப்பாள். அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால், ஏதோ சொல்ல இருக்கிறது, அவசரமில்லை, ஒழிந்தபோது கூப்பிடு. பதினோரு வருஷமாக இதுதான் அவர்கள் பேச்சு. தப்பித்தவறி எடுத்து “அம்மா” என்றுவிட்டாலோ தொலைந்தது. “எதுக்குடி எடுத்த? உன்னை யாரு எடுக்கச் சொன்னா?” என்று அவள் திட்டி முடிப்பதற்குள் அந்த மாதத்துச் சிக்கனம் மொத்தமும் போய்விடும். சின்னவன் அம்மாவுக்கு ‘ஒத்த ரிங்கு’ என்றே பேர் வைத்திருந்தான்.

அந்த ஒத்த ரிங்கை ஒழித்துக்கட்டத்தான் அவன் நேற்று மத்தியானம் அம்மாவின் நம்பரை, புதிதாக வந்திருக்கும் மலிவுக் கம்பெனிக்கு மாற்றினான். எவ்வளவு பேசினாலும் மாதத்துக்கு ஒரே கட்டணம். “இனிமே அம்மா வாயை மூட வைக்கத்தான் நாம காசு குடுக்கணும்க்கா,” என்று சாயங்காலம் பெரியவளுக்குப் போன் செய்து சிரித்தான். பழைய சிம் அப்போதே நின்றுபோயிருந்தது. புது சிம்முக்கு லைன் வர மறுநாள் மத்தியானம்வரை ஆகலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவன் குடியிருப்பது இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. ராத்திரி வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்றவனை அம்மாதான், “நான் என்ன பச்சப்புள்ளையா? போடா,” என்று விரட்டிவிட்டாள்.

காலை ஆறு பத்துக்குப் பெரியவளின் போன் அடித்தது. அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அடடே, லைன் அதற்குள் வந்துவிட்டதா என்று சந்தோஷப்பட்டாள். போன் ஒரு ரிங்கோடு நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. ஓசி என்றதும் அம்மாவுக்கு வெட்ட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இவளே வெட்டினாள். உடனே மறுபடி அடித்தது. சரி, இரண்டு ரிங். ஏதோ சொல்ல இருக்கிறது, சாயங்காலம் கூப்பிடலாம். அதையும் வெட்டினாள். வழக்கம்போலப் பதிலுக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. ஏழு மணிக்குக் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்தரைக்கு சூப்பர்வைசர் வந்து, அவள் மிஷினின் சுவிட்சை அவரே அணைத்து, “வீட்லேர்ந்து ஆள் வந்திருக்காங்கம்மா,” என்றார். அவர் அவளை ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வரும் வழியில், ஆட்டோவிலேயே, தன் போனிலிருந்து அந்த இரண்டு அழைப்புகளையும் அழித்துவிட்டாள். ஏன் அழித்தாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அழித்த பிறகுதான் திருடியதுபோல உறுத்தத் தொடங்கியது.

எடுத்திருக்கலாம். பதினோரு வருஷமாகப் பழகிய கை வெட்டிவிட்டது. ஆபத்து என்றால் எத்தனை ரிங் என்று அம்மாவும் மகளும் பேசி வைத்திருக்கவே இல்லை.

அம்மா வீட்டுக் குழாய்த் தண்ணீர் வழிந்து வாசலுக்கு வருவதைப் பார்த்து, எட்டு மணிக்கு மேல் வீட்டுச் சொந்தக்காரர்தான் கதவை உடைத்திருக்கிறார். சமையலறைத் தரையில் கிடந்தாளாம், கையில் போனோடு. ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். “கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்.” அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“இருக்கிற போனை நோண்டாதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?” என்று சித்தி ஆரம்பித்தாள். சித்திக்கு வாய் நீளம். அழுதால் இன்னும் நீளும். “மலிவா கிடைக்குது, மலிவா கிடைக்குதுன்னு பெத்தவளையே தொலைச்சுட்டு நிக்கிறான். பாவி, ஒரு சத்தம் குடுக்கக்கூட வழியில்லாமப் போயிட்டாளே எங்கக்கா.”

சின்னவன் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தான். குளிர்பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். “காத்துப் போக இடமில்லாம சுவத்தோட ஒட்டி வச்சிருக்கானுங்க. கம்ப்ரசர் சூடாகுது,” என்று முணுமுணுத்துக்கொண்டு பெட்டியை நான்கு விரற்கடை இழுத்து வைத்தான். பின்பக்க வலையில் படிந்திருந்த தூசியைத் தன் சட்டை நுனியால் துடைத்தான்.

“நான்தான்க்கா கொன்னுட்டேன்,” என்றான், பெரியவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“அப்படிச் சொல்லாதடா.”

“பின்ன எப்படிச் சொல்ல? நீயே சொல்லு.”

சொல்லியிருக்க வேண்டியது அந்த நொடியில்தான். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளின் கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ராத்திரி முழுக்க சிக்னல் தேடித் தேடி அம்மா போன்ல சார்ஜே இல்லாமப் போச்சு. சமையல்கட்டுல சார்ஜ் போட்டிருக்கேன். ஆன் ஆகட்டும், அதுல எல்லாம் இருக்கும். அதைக் கொண்டுபோயி அந்தக் கடைக்காரன் மூஞ்சில எறியறேன்,” என்று சின்னவன் எழுந்தான்.

நல்லவேளையாக வண்டிக்காரன் வழி கேட்டுப் போன் செய்தான். வழி சொல்லச் சின்னவன் வெளியே போனான். பெரியவள் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவளைப்போலச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அடுப்பு மேடையில் அம்மாவின் பழைய பட்டன் போன் சார்ஜரில் கிடந்தது. அழுத்தினாள். உயிர் வந்தது. பட்டனைத் தட்டித் தட்டி அழைப்புப் பட்டியலுக்குப் போனாள்.

பெரியவ, ஆறு பத்து. பெரியவ, ஆறு பதினொன்று. அதற்கும் மேலே, எடுக்காத அழைப்பு என்று ஒன்று: பெரியவ, ஆறு பன்னிரண்டு.

அவள் கொடுத்த பதில் ரிங். அம்மா அதை எடுக்கப் பார்த்திருப்பாளோ? ஒரே ஒரு ரிங்குக்குள் யாரால்தான் எடுத்துவிட முடியும்? பெரியவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். தான் வெட்டியதைவிடத் திருப்பி அடித்ததுதான் அவளை அப்போது அறுத்தது.

‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று கேட்டது போன். அவள் விரல் தானாகவே அதுவரைக்கும் போயிருந்தது. ஒரு பட்டன்தான். அதோடு போய்விடும். பழி கம்பெனியோடு நிற்கும். கம்பெனிக்கு அம்மாவா அப்பாவா, அழுவதற்கு? ஆனால் பழி கம்பெனியோடு நிற்காது. தம்பியின் தலையில் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும்.

“ஆன் ஆயிடுச்சா?”

சின்னவன் கதவருகில் நின்றான். அவள் விரலை எடுத்தாள். பட்டியலை மறுபடி திறந்து போனை நீட்டினாள். “இந்தா. பாரு.”

அவன் பார்த்தான். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தான்.

“நீ எடுக்கலையாக்கா?”

“ரிங்குன்னு நெனச்சேன்டா.”

வேறு யாராக இருந்தாலும் விளக்கம் கேட்டிருப்பார்கள். அவன் அதே வீட்டில் வளர்ந்தவன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். காலையிலிருந்து அவன் தோளை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள்.

“என்னடா, என்ன காட்டுது?” சித்தி சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள்.

சின்னவன் கண்ணைத் திறந்தான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“ஒண்ணும் காட்டல சித்தி. லைன் வரவே இல்ல. நான் சொன்னேன்ல.”

சொல்லிவிட்டு அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனான். பெரியவளுக்கு உடம்பெல்லாம் ஆறுதல் பரவியது. மறு நொடியே அந்த ஆறுதலை நினைத்து அவளுக்கே குமட்டியது.

சித்தி இப்போது சபை நடுவிலேயே பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களா? நான் சொன்னது சரியாப் போச்சா? சிக்கனம் பண்றானாம் சிக்கனம். போடா, உன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல.” சற்றுமுன் கம்பெனிக்காரப் பெண்ணிடம் அந்தக் கத்துக் கத்தியவன், வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவனைப்போலத் தலையைக் குனிந்து நின்றான்.

வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். சின்னவன் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

“லைன் இருந்துச்சு சித்தி,” என்றாள் பெரியவள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வாசல்வரைக்கும் கேட்டிருக்கும்.

“அக்கா, விடு,” என்றான் சின்னவன்.

“லைன் இருந்துச்சு. அம்மா என்னைத்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவை. நான்தான் கட் பண்ணிட்டு வேலைக்குப் போயிட்டேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

சித்தி திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். பெரியவளின் கணவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ நாற்காலியை மடக்கினார்கள்.

“நாலு பேர் வாங்க,” என்றான் வண்டிக்காரன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

தலைப்பக்கம் நின்றிருந்த சின்னவன் அக்காவைப் பார்த்தான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான்.

“நீ இங்க வாக்கா. நான் கால்பக்கம் பிடிச்சுக்கிறேன்.”

அவள் போய்க் குனிந்து, அம்மாவின் தோளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். விறைத்த குளிர் முழங்கைவரை ஏறியது. தூக்கும்போது அம்மாவின் கொண்டை அவிழ்ந்து, முடி அவள் மணிக்கட்டில் சரிந்து தொங்கியது. ஒதுக்கிவிட ஒரு கை ஒழியவில்லை. இவளைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி கிட்டே வந்து, அந்த முடியை அள்ளி அம்மாவின் தலைக்கடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.