பாசமிகு சகோதரி

எங்கள் ஆட்கள் கல்யாணம் விசாரிக்கத் தொடங்கினால் முதலில் தேடுவது மரண அறிவித்தலைத்தான். இத்தாலியின் பாலெர்மோவுக்கு வந்து எத்தனை வருடம் ஆனாலென்ன, அந்தப் பழக்கம் மட்டும் கடலில் விழவில்லை. செத்தவர் எங்கே பிறந்தார், பிள்ளைகள் எந்த ஊரில் கட்டினார்கள், மருமக்கள் யார், சம்பந்திகள் யார் என்று எல்லாவற்றையும் குடும்பமே பத்திரிகையில் போட்டுவிடுகிறது. நாலு அறிவித்தலைச் சேர்த்துப் படித்தால் ஒரு வம்சத்தின் அடியும் நுனியும் தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவே தேவையில்லை. அவ்வளவு நாகரிகம்!

புனிதமலரும் அதைத்தான் செய்யவேண்டி வந்தது. அவளுடைய ஒரே மகள் அமலினி, பிரான்காச்சோப் பகுதியில் கார் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் சாந்தனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பையன் மன்னார்ப் பக்கம், பேசாலை. பூசைக்கு ஒழுங்காக வருகிறவன், பாடற்குழுவில் பாடுகிறவன். புனிதமலருக்கு அவனில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கனடாவிலிருந்த அண்ணன் அல்பேட் எடுத்துக்கொண்டார்.

"பேசாலை எண்டால் காணுமோ? அவை என்ன ஆக்கள் எண்டு வடிவாப் பார், பிள்ளை. பிழையான இடமெண்டால் நான் வரமாட்டன், சொந்தத்திலை ஒருத்தரும் வரமாட்டினம். பிறகு உன்ரை மகளை ஆரும் வீட்டுக்குள்ளை எடுக்காயினம். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தியை அப்படிச் செய்திருந்தார்கள்.

அவள் அக்கா எமல்டா. யுத்தத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து மடுக் கோயிலடியில் கூடாரத்தில் கிடந்த காலத்தில், காய்ச்சலில் விழுந்திருந்த புனிதமலருக்காக எமல்டாதான் தினமும் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வந்தாள். அந்த வரிசையில் யாரோ ஒருவன் தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தானாம். புனிதமலர் காய்ச்சல் தெளிந்து எழும்பியபோது அக்கா அவனோடு போய்விட்டிருந்தாள். அவன் யார், எந்த ஊர் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அவளைத் தலைமுழுகியாயிற்று என்றார்கள், அதோடு சரி. பின்னர் அப்பா இறந்தபோது வந்த அறிவித்தலில், "அல்பேட், புனிதமலர் ஆகியோரின் பாசமிகு தந்தையும்" என்றிருந்தது. மூன்று பிள்ளை பெற்ற மனிதருக்குப் பத்திரிகையில் இரண்டு பிள்ளை. புனிதமலர் அதைப் படித்தாள், பேசாமல் மடித்து வைத்தாள். அப்போது வாய் திறக்கப் பயம். இப்போது அந்தப் பயமே மகளின் பெயரில் திரும்பி வந்து நின்றது. அமலினியும் ஒரு நாள் இப்படி ஒரு பேப்பரிலிருந்து காணாமற் போவாளோ?

பொலிதேயாமாப் பகுதியில் அவள் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டியான சிஞ்ஞோரா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகத் தூங்குவார். அந்த நேரத்தில் குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு, இணையத்தில் ஏற்றியிருந்த பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளைப் புனிதமலர் கிளறத் தொடங்கினாள். செத்தவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக மேலே ஓடின. தேடும்போதே உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. நல்ல பையன் ஒருவனின் பாட்டனைச் சவக்குழியிலிருந்து எழுப்பி, நீ என்ன ஆள் என்று கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் அகப்பட்டது. சாந்தனின் அம்மப்பா, பேசாலைச் சவிரிமுத்து. அருளையாவோடு சாந்தனின் தாயின் பெயரையும் போட்டு, "ஆகியோரின் பாசமிகு தந்தையும்" என்றிருந்தது. சரி, இடம் பிடிபட்டுவிட்டது. அடுத்த வரியில் மருமக்கள். முதற்பெயர் எமல்டா.

உலகத்தில் எத்தனையோ எமல்டாக்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் விரல் நிற்கவில்லை. எமல்டா அருளையா என்று தேடினாள். படம் முதலில் வந்தது. முகம் தடித்திருந்தது, தலை நரைத்திருந்தது. சிரிக்கும்போது ஒரு பக்கம் ஒதுங்கும் அந்த உதடு மட்டும் அப்படியே இருந்தது.

"ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும் பேசாலையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி எமல்டா அருளையா இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற மரியாம்பிள்ளை தம்பதியினரின் அன்பு மகளும், அருளையாவின் அன்பு மனைவியும், அல்பேட் (கனடா), புனிதமலர் (இத்தாலி) ஆகியோரின் பாசமிகு சகோதரியும் ஆவார்."

இத்தாலி என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறாள்! புனிதமலர் வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு சிஞ்ஞோரா எழும்பி வந்து என்ன என்று கேட்டார். அக்கா செத்துப்போனாள் என்றாள். ஐயோ, எப்போது? பதினொரு வருடத்துக்கு முன்பு. சிஞ்ஞோரா, தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சாந்தனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, உம்மட மாமி எமல்டா ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம் அன்ரி. உங்கட அக்கா."

"பிறகேன் சொல்லேல்லை? அமலினிக்கும் தெரியாதே?"

"தெரியாது. அம்மாதான் சொன்னவ, அவை தாங்களாக் கேட்டால் சொல்லு, நீயாப் போய் உறவு கொண்டாடாதை எண்டு. மாமியை ஒதுக்கி வைச்சனீங்கள்தானே."

கன்னத்தில் விழுந்த அடி என்றாலும் ஞாயமான அடி. புனிதமலர் வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பேருகளை ஆர் போட்டது, தம்பி?"

"மாமிதான். ஏலாமல் கிடக்கேக்கை அவவே சொல்லிச் சொல்லி எழுதுவிச்சவ. மாமாவுக்கு விருப்பமில்லை. அவை உன்னைப் போடேல்லை, நீ ஏன் போடுறாய் எண்டு கேட்டவர். அவை போடாட்டிலும் நான் அவையின்ரை சகோதரம்தானே எண்டு சொன்னவவாம்."

அன்று பின்னேரம் அல்பேட் அழைத்தார். "விசாரிச்சனியே? என்ன ஆக்கள்?"

"அண்ணை, எமல்டா அக்கா செத்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். பேப்பர்லை பாத்தனான். உனக்குச் சொல்லி என்னத்துக்கு?"

பதினொரு வருடம். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தவறாமல் கதைத்த மனிதர். புனிதமலருக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை காலமும் இந்த அண்ணனை இழந்துவிடுவோமே என்றா பயந்து செத்தோம் என்று தன்மீதே கோபம் வந்தது.

"பெடியன் அக்கான்ரை புருசனுக்குத் தங்கச்சி மகன். எனக்கு மருமகன் முறை. கலியாணம் நடக்கும், அண்ணை."

"உனக்கென்ன விசரே? அவை ஆரெண்டு தெரிஞ்சும்..."

"இன்னுமொண்டு. கலியாணத்துக்கு முதல் அக்கான்ரை நினைவஞ்சலியைப் பேப்பர்லை போடப்போறன். அருளையா அத்தானோடையும் கதைச்சிட்டன். சகோதரங்கள் எண்டு எங்கட பேரும் வரும்."

"என்ரை பேரைப் போட்டியெண்டால் தெரியும்! பிறகு நீ ஆரோ, நான் ஆரோ. இஞ்சை நாலு சனத்தின்ரை முகத்திலை நான் முழிக்கிறேல்லையோ?"

"அக்கா உங்களை விடேல்லை, அண்ணை. நான் எப்பிடி விடுறது?"

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைக்கவேயில்லை.

நினைவஞ்சலியைப் புனிதமலர் தானே எழுதினாள். அமலினி பக்கத்திலிருந்து அதைப் போனில் தட்டச்சு செய்தாள். சகோதரர்கள் என்ற இடம் வந்ததும் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமான்ரை பேரையும் போடுறதோ, அம்மா?"

"போடு. முதல்லை போடு. அவர்தானே மூத்தவர்."