டூகல் போட்ட ஜெர்சி

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எஃபி கால்பந்து அணியின் ஜெர்சிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கம்பளி, கறுப்பும் சிவப்பும் பட்டை போட்டவை. முதுகில் எண் கிடையாது. எது யாருடையது என்று தன் கைத்தையலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். வெளியே மழை கொட்டியது. ராட்டா ஹில் சுரங்கக் குடியிருப்பில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

வரும் சனிக்கிழமை வெலிங்டனில் இறுதி ஆட்டம். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஜெயித்த ஆட்டச் சங்கங்கள் மோதும் புதுக் கோப்பை அது. ஒருமுறை தோற்றால் அத்தோடு சரி. நிலக்கரி வெட்டுகிறவர்கள் அதுவரை போனதற்குக் காரணம் அவள் புருஷன் டூகல். அரையிறுதியில் நடுவில் நின்று ஒரு பந்தையும் உள்ளே விடாதவன், கடைசியில் காலை முறித்துக்கொண்டான். இப்போது முன்னறையில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய காலை நீட்டிப் படுத்திருக்கிறான். சுரங்கக் குழிக்குள் முறிந்திருந்தால் விபத்து நிதி உண்டு. மைதானத்தில் முறிந்ததற்கு எதுவும் கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இத்தனைக்கும் ஆட்டச் சங்கத்துக்குத் தலைவரே சுரங்க மேனேஜர்தான்.

பாஸ்கோ குடையை மடக்காமலேயே கொட்டகை வாசலில் வந்து நின்றார். கம்பெனிக் குமாஸ்தா அவர், அணியின் செயலாளரும் அவரே.

"டூகல் இடத்துக்கு டனீடின்லேர்ந்து ரென்விக்னு ஒருத்தன் வந்திருக்கான்மா. நல்ல ஆட்டக்காரன். குழியில வேலையும் போட்டுக் குடுத்தாச்சு."

"யாரோட வேலையை?"

"கம்பெனி வேலைதானே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீடும் கம்பெனியோடது. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க. அவனுக்குப் பொண்டாட்டி, புள்ளை இருக்கு."

"நாங்க மட்டும் காத்துலயா குடியிருக்கப் போறோம்?"

"மேல சொல்றதைத்தான் நான் சொல்றேன். அப்புறம், அந்தப் பெரிய ஜெர்சியை மட்டும் கொஞ்சம் பார்த்துத் துவைங்க. ரென்விக் ஆளு வாட்டசாட்டம். அது ஒண்ணுதான் அவனுக்குப் பத்தும்."

அது டூகலுடையது. அரையிறுதியில் இடது தோளில் கிழிந்திருந்தது. கறுப்பு நூல் இல்லாததால், அவனுடைய பழைய காலுறையிலிருந்து சாம்பல் நிற நூலைப் பிரித்து எஃபி தைத்திருந்தாள்.

"எஃபி!" உள்ளேயிருந்து டூகல் கூப்பிட்டான். "எல்லாம் கேட்டுச்சு. நீ ஏடாகூடமா ஏதும் பண்ணிடாத. பசங்க ஜெயிக்கணும்."

"உன் வீட்டைப் புடுங்குறவனுக்கு நான் சட்டை துவைச்சுக் குடுக்கணுமா?"

"மத்தப் பத்துப் பேரு என்னடி பண்ணாங்க? என்கூட கரி வெட்டுன பசங்க."

"சரிய்யா. அந்தப் பத்துப் பேரைத் தொடல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பத்து ஜெர்சிகளை வெதுவெதுப்பான நீரில் பூப்போல அலசிக் காயப்போட்டாள். பதினோராவதைக் கொதிக்கிற கொப்பரைக்குள் போட்டுக் கட்டையால் அழுத்தினாள். எடுத்துத் துவைபலகையில் தேய்த்தாள். பச்சைத் தண்ணீரில் முக்கினாள். மறுபடியும் கொதிக்க வைத்தாள். கை தோல் உரிந்தது, வயிறு குளிர்ந்தது. கடைசியில் ஜெர்சி அட்டை மாதிரி தடித்துச் சுருங்கி, கைப்பகுதிக்குள் அவள் மணிக்கட்டே நுழையாமல் நின்றது.

"இப்ப போட்டுக்கடா ராசா" என்றாள். காய்ந்ததும் அதை மடித்துக் கூடையின் அடியில் வைத்து, மற்றவற்றை மேலே அடுக்கிக் கொடுத்தனுப்பினாள்.

சனிக்கிழமை மாலை தள்ளுவண்டியில் பாத்திரங்களோடு டூகலையும் ஏற்றி, ஆற்றோரம் காலியாகக் கிடந்த குடிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தபாலாபீஸ் வாசலில் ஒரே கூச்சல். தந்தி வந்திருந்தது. ராட்டா ஹில் ஜெயித்துவிட்டது. டூகல் வண்டியில் உட்கார்ந்தபடியே கை தட்டினான். அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அணி திரும்பி வந்தபோது மீதிக் கதையும் வந்தது. ஜெர்சி தலைக்குள்ளேயே நுழையவில்லையாம். மேனேஜர் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். அதைப் போட்டுக்கொண்டு ரென்விக்தான் வெற்றி கோலை அடித்தானாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். பாஸ்கோ மட்டும் சிரிக்கவில்லை. அணியின் துணிகள் வேறொருத்திக்குப் போயின.

அதன்பிறகு எஃபி வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி கேட்டாள். வரிசையில் ஒரு கதவை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மாவு தீர்ந்த அன்று அதையும் தட்டினாள்.

ரென்விக்கின் மனைவி சின்னப் பெண். இவள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. "வாங்கக்கா, நல்ல வேளை வந்தீங்க! இங்க மழையில ஒண்ணும் காய மாட்டேங்குது" என்று துணிகளை அள்ளி வந்தாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை நின்றது. உடம்பில் கறுப்பும் சிவப்புமாக ஜெர்சி. கச்சிதமாக இருந்தது. இடது தோளில் சாம்பல் நிறத் தையல்.

"அவங்கப்பா ஜெயிச்சுட்டு வந்தப்போ கொண்டாந்தது. யாரோ சுருங்க விட்டுட்டாங்களாம். இவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. குளுருக்கு நல்ல கதகதப்பு. கழட்டவே விடமாட்டேங்குறா."

குழந்தை சிணுங்கச் சிணுங்க, அவள் அதைக் கழற்றி மூட்டையின் மேல் வைத்தாள்.

"இதை மட்டும் பார்த்துத் துவைங்கக்கா. கம்பளி. வெந்நீர் ஆகாது."

"தெரியும்மா" என்றாள் எஃபி. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் பழைய வாசற்படியில் இறங்கினாள். மேலே கிடந்த ஜெர்சியில் குழந்தையின் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.