ஈரக் கால்சட்டையுடன் ஒரு தேவை மதிப்பீடு

ஒரு லாரித் தண்ணீர் இடம்பெயரும்போது சத்தமே வராது என்பதை அன்று காலைதான் தெரிந்துகொண்டேன்.

மனிதாபிமான உதவிப் பணியில் முதுகலை படிக்கும் எங்கள் வகுப்பு, கல்லூரி மைதானத்தில் பயிற்சிக்காக ஒரு பொய் முகாம் போட்டிருந்தது. பொய் வெள்ளம், பொய் அகதிகள். தண்ணீர் மட்டும் நிஜம். ராட்சதத் தலையணை மாதிரி ஒரு ரப்பர்ப் பை. அதை நிரப்பிக் குழாய் மாட்டிவிட்டால் முகாமுக்கே குடிநீர். சமதரையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நாங்கள் இன்ஜினியர் என்று கூப்பிடும் வகுப்புத் தோழன், தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தோடு ஓடிவந்தான்.

"அதை உள்ள வைப்பா," என்றேன். "பன்னெண்டு வருஷம் முகாம்லயே குப்பை கொட்டினவன் நான். என் கண்ணே ரசமட்டம்."

பை நிரம்பியதும் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு புரண்டு படுத்தது. பிறகு மெல்லச் சரிவில் இறங்கிப் போய்ப் பதிவுக் கூடாரத்தைக் கட்டிப்பிடித்தது. நல்லவேளை, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர யாரும் இல்லை. கூடாரம் படுத்தது, பை கிழிந்தது. தடுக்கப் போன மாவீரன் நான், இடுப்பு வரை நனைந்து நின்றேன்.

"பொய் வெள்ளம் போதலைன்னு நிஜமாவே கொண்டு வந்துட்டீங்க சார்," என்றார் பேராசிரியை. என்னைவிட வயதில் சின்னவர். அதனால் அவருக்கு நான் மாணவனும்தான், சாரும்தான்.

"மார்க் போச்சா மேடம்?"

"சூழ்நிலையைப் பொறுத்தது சார்."

எங்கள் படிப்பின் மொத்த சாரமும் இந்த ஒரு வாக்கியம்தான். அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா? சூழ்நிலையைப் பொறுத்தது. கேன்டீன் டீயைக் குடிக்கலாமா? அதுவும்தான்.

பன்னிரண்டு வருடம் நிவாரணக் கிடங்குகளில் தார்ப்பாயும் சோப்பும் அடுக்கியவன் நான். பட்டம் இல்லாமல் மேலே போக முடியாது என்று நிறுவனம் சொன்னதால், செய்த வேலையையே படிப்பாகப் படிக்க வீட்டுக்குத் திரும்பினேன். படித்துப் படித்து முதுகு போனது, கண் போனது. படிப்பு முடியப் போகிற நேரத்தில் நிறுவனம் ஒரு வேலை நீட்டியது: ஒரு வருடம், எல்லை தாண்டி, குடும்பத்துக்கு அனுமதி இல்லை. பதில் அனுப்பக் கெடு, இந்தப் பயிற்சி நாளின் மாலை.

போகட்டுமா என்று நான் கேட்காத ஆள் இல்லை. பேராசிரியை என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். இன்ஜினியர், "அண்ணே, நீங்க யார் பேச்சைக் கேட்டிருக்கீங்க?" என்றான். என் மனைவியோ துணி மடிக்கும்போது "உங்க இஷ்டம்" என்றாள். மகளுக்குத் தலை வாரும்போதும் "உங்க இஷ்டம்". தூக்கக் கலக்கத்தில் கேட்டுப் பார்த்தேன். அப்போதும் அதேதான்.

மதியம் தேவை மதிப்பீடு. பாதிக்கப்பட்டவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்கும் பயிற்சி. பாதிக்கப்பட்டவர்களாக நடிக்க அவரவர் வீட்டு மனிதர்களையே வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி அரைநாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். கையில் கொடுத்த அட்டையைப் படித்துவிட்டு, "வீடு போச்சு, புருஷனைக் காணோம்னு போட்டிருக்கு," என்றாள். "பாதிக்கு ஒத்திகையே வேண்டாம்."

பேராசிரியை கடைசியாக ஒருமுறை எச்சரித்தார்: "பதிலைக் கேட்டு ஏதாவது செய்யற உத்தேசம் இருந்தா மட்டும் கேளுங்க. சும்மா கேட்டுட்டுப் போனா, அடுத்த தடவை அவங்க வாயே திறக்க மாட்டாங்க."

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது என் மனைவி. ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட, அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். பின்னால் இன்ஜினியர், பார்வையாளனாக.

"வணக்கம்மா. நிவாரணக் குழுவிலேர்ந்து வர்றேன்."

"இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே தம்பி. உங்களுக்கு யாரு நிவாரணம் தருவா?"

இன்ஜினியர் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குதாம்மா?"

"காலையில வந்துச்சு. மொத்தமும் ஒரே நேரத்துல வந்துச்சு."

"உங்க வீட்டுக்காரர் காணாமப் போய் எவ்வளவு நாளாச்சு?"

"விட்டு விட்டுக் காணாமப் போவார். நடுவுல வருவார். வந்தா, சமையலறையைக் கிடங்கு மாதிரி அடுக்கி வெப்பார். எது எங்க இருக்குன்னு நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள கிளம்பிடுவார்." கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "இந்தத் தடவை படிப்புன்னு வீட்டோட இருந்தார். பொண்ணு இப்பத்தான் அவர்கிட்ட சண்டை போட ஆரம்பிச்சிருக்கா. முன்னெல்லாம் விருந்தாளிகிட்ட பேசற மாதிரி மரியாதையா பேசுவா."

இன்ஜினியர் இப்போது நிஜமாகவே இருமினான். "அண்ணே, குழாயைப் பாத்துட்டு வர்றேன்," என்று எழுந்து போனான். பார்ப்பதற்குக் குழாய் எதுவும் மிச்சம் இல்லை.

முந்தின வாரம்தான் மகள், தன் பென்சில் டப்பாவை நான் ஒழுங்குபடுத்திவிட்டேன் என்று கதவை அறைந்து சாத்தினாள். பிள்ளை கெட்டுப்போகிறதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல? எத்தனை தடவை கேட்டேன்?"

"கேட்டீங்க. பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கி, தூசி தட்டி, பூட்டு வேலை செய்யுதான்னு பாத்துட்டு வந்து கேட்டீங்க. நான் என்ன சொல்றது? நல்லாத் தூசி தட்டுங்கன்னா?"

சட்டைப் பையில் இருந்ததால் கைப்பேசி மட்டும் நனையாமல் தப்பியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'சம்மதம்' என்று தொடங்கும் பதிலை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை, அவ்வளவுதான். அவள் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். திரை வெறுமையானதும் இருவருக்கும் நடுவில் இருந்த காலி நாற்காலியில் வைத்தேன்.

"இப்ப கேக்கறேன். நீ சொல்றதைத்தான் எழுதுவேன். போகட்டுமா?"

அவள் என் ஷூவைப் பார்த்தாள். படுத்துக் கிடந்த கூடாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போகாதீங்க," என்றாள்.