ஜரிகைச் சுருள்

என் வீட்டுக்காரர் குமாரவேலுக்குப் பட்டு நெய்யத் தெரியும், பட்டைப் பற்றிப் பொழுது போவது தெரியாமல் பேசத் தெரியும். மற்றபடி சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலை நசுக்கிக்கொண்டு வந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவர் எனக்காக ரேடியோ செய்யப்போகிறேன் என்றதும் நான் சிரித்துவிட்டேன். பிரசவமான உடம்பு, சிரித்தால் வலிக்கும். அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

எல்லாம் என் தம்பி திருஞானசம்பந்தத்தால் வந்தது. அப்பா அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. திருவாரூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஓதுவாராக இருந்தான். கேட்க ஆளில்லாத சந்நிதியில் வௌவாலுக்குப் பாடிக்கொண்டிருந்தவனை மதராஸ் வானொலி கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கால் மணி நேரம். அறுபத்தெட்டில் அது லேசான காரியமில்லை. அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிட்டால் திரும்பப் போடமாட்டார்கள். ஊரே கேட்கப்போவதை நான் மட்டும் கேட்கமுடியாது.

முனிசிபல் பூங்காவில் ஒலிபெருக்கி உண்டு, பக்கத்து வீட்டு லோகாம்பாளிடம் பெரிய ரேடியோ உண்டு. ஆனால் எனக்குப் பிள்ளைத்தீட்டு. பின்கட்டு அறையின் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அதிலும் தறியில் அம்மனுக்குச் சாத்தும் சேலை ஏறியிருந்தது. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடம்பை நெய்ய ஒருவர், வேறு நிறக் கரைக்கான நூல் நாடாவைப் பக்கத்திலிருந்து எறிய ஒருவர். அது என் வேலை. நான் படுத்துவிட்டதால் என் மாமியார் தில்லையம்மாள் தினமும் தலைமுழுகிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். சோற்றைப் படியில் வைத்துவிட்டு, என் நிழல்கூடப் படாமல் நகர்ந்து போவாள். கோபம் வரும். ஆனால் சோறு சூடாகத்தான் இருக்கும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ரேடியோ பழுது பார்க்கும் சாமுவேல், வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவன்தான் தைரியம் கொடுத்தவன். “பழைய சாமானை வெச்சே சின்ன செட்டு கட்டிடலாம் குமாரு. ஆனா ரேடியோன்றது கூட்டுக் குடும்பம்பா. ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப் போவணும்.”

மனிதர் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மஞ்சப்பை நிறையச் சாமான் வாங்கி வந்தார். பாதி ஒத்துப்போகவில்லை. ஸ்பீக்கர் இந்த ட்ரான்சிஸ்டருக்குக் கனமாம். ட்ரான்சிஸ்டர் அந்த பேட்டரிக்குத் தலைகீழாம். சாமுவேல் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து வேறு எடுத்துக் கொடுத்தான். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. நான் அறைக்குள்ளிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நின்றது காயில் என்கிற கம்பிச் சுருள். ஸ்டேஷன் பிடிக்கத் திருகுகிற கண்டென்சருக்குத் தகுந்தபடி அது இருக்கவேண்டும். வாங்கி வந்த காயிலில் ஏதோ சிங்கள ஸ்டேஷன் மட்டும் கரகரத்தது, மதராஸ் வரவேயில்லை. “அட்டைக் குழாய்ல நீயே கம்பி சுத்திக்கோ. நூலைத் தார்க்குச்சியில சுத்தற வீடு உங்களுது, இதுக்கு மேல உனக்கு நான் என்னாத்த சொல்றது?” என்ற சாமுவேல், எத்தனை சுற்று என்றும் சொல்லி அனுப்பினான்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் புத்தியைக் காட்டினார். செம்பைவிட வெள்ளி உசத்தி, வீட்டில் வெள்ளி ஜரிகை இருக்கிறது, பிறகு செம்புக் கம்பி எதற்கு? மிச்ச ஜரிகையை எடுத்துச் சுற்றினார். அடடா, என்ன சுற்று! இழையோடு இழை ஒட்டி, நடுவில் ஊசி நுழையாது. பார்க்க அம்மன் கழுத்து அட்டிகை மாதிரி இருந்தது. ரேடியோ மூச்சுவிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாமுவேல் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “யோவ், கம்பிக்கு மேல வார்னிஷ் பூசியிருக்கும்யா. ஒண்ணோட ஒண்ணு தொடாம இருந்தாத்தான் காயிலு. நீ வெள்ளிக் குழா செஞ்சு வெச்சுக்கினு இருக்கிற.”

“வார்னிஷ் கம்பி குடுப்பா.”

“தீந்துபோச்சு. மதராஸ்ல இருந்து திங்கக்கிழமைதான் வரும்.”

தம்பியின் பாட்டு மறுநாள் காலையில். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிள்ளை அழுதது, நானும் அழுதேன். பிறகு இருந்தாற்போல் ஒன்று தோன்றியது. படிவரைக்கும் தவழ்ந்து வந்து கத்தினேன்.

“என்னாங்க! ஜரிகையோட ஒரு பட்டு இழையையும் சேத்துச் சுத்தினா? நடுவுல பட்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு தொடாதில்ல?”

சாமுவேல் சிரிப்பை நிறுத்தினான். “அட, ஆமாம்பா! ஜரிகை கொஞ்சம் மந்தம்தான். ஆனா மதராஸ் பக்கத்துல இருக்குது, வந்துடும்.”

வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இழை இரண்டும் பின்னிக்கொண்டன. இரண்டாந்தரம் பட்டு அறுந்தது. நெய்கிற கை வேறு, சுற்றுகிற கை வேறு. எங்கள் வீடுகளில் சுற்றுவது பெண்கள் வேலை. “எங்கிட்ட குடுங்க” என்று கையை நீட்டினேன். “தீட்டுக்காரி பட்டைத் தொடறதா?” என்று அத்தையின் குரல் வந்தது. என் கை தானாக மடங்கியது. ஜரிகை பாழாகிறது என்று அவள் அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதே வாயோடு வந்து மகன் கையிலிருந்த அட்டைக் குழாயைப் பிடுங்கினாள். காலை நீட்டி உட்கார்ந்து, தொடையில் குழாயை உருட்டி, ஜரிகை ஒன்று பட்டு ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனாள். இழை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம்போல இருந்தது எனக்கு.

பொழுது சாயுமுன் விவசாயிகளுக்கு யாரோ பூச்சிமருந்து பற்றிச் சொல்வது மெல்லிசாகக் கேட்டது. அந்தப் பூச்சிமருந்தை நாங்கள் நால்வரும் வாயைப் பிளந்து கேட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவை அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஜரிகை முனை கழன்று கழன்று போனதால் ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டேன், மறு கையால் திருகினேன். மடியில் பிள்ளை. ஜன்னல் வழியாக முருங்கை மரத்துக்குப் போகும் ஏரியல் கம்பி பக்கத்திலேயே தொங்கியது. தம்பியின் பெயரைச் சொன்னார்கள். குரல் எழுந்தது. முதல் அடியில் நடுங்கினான், அடுத்ததில் நிமிர்ந்தான். பிறகு தேய்ந்துகொண்டே போய்விட்டான்.

பதறிப்போய் நகர்ந்தேன். என் முழங்கை கம்பியில் பட்டதும் குரல் கணீரென்று வந்தது. எடுத்தேன், அமுங்கியது. எனக்கு இருப்பது இரண்டு கைதானே?

“கம்பிய யாராச்சும் புடிங்களேன்!” என்று அலறினேன்.

வீட்டுக்காரர் படியில் கால் வைத்தார். அத்தை அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அப்போதுதான் தலைமுழுகிவிட்டுத் தறிக்குப் போக நின்றிருந்தாள், கூந்தலில் ஈரம் சொட்டியது. மார்கழிக் குளிர். உள்ளே வந்தால் கிணற்றடியில் மறுபடி முதலிலிருந்து முழுகவேண்டும். படியைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். என் பாயிலேயே, என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கம்பியை விரலில் சுற்றிப் பிடித்தாள்.

என் தம்பி அந்த அறை முழுக்கப் பாடினான். நான் அழுதேன். அவள் பார்க்கவில்லை, ரேடியோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் என் ரவிக்கைக்கு ஏறியது. எனக்கு அம்மா இருந்திருந்தாலும் இதற்கு மேல் என்ன செய்திருப்பாள்?

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் வேறு எதையோ சொல்லத் தொடங்கினார். வெளியே வீட்டுக்காரர், “எழுந்து வாம்மா, தண்ணி எறைச்சு வெக்கறேன்” என்றார்.

அத்தை கம்பியை விடவில்லை.

“இருடா,” என்றாள். “எங்க புள்ள இன்னொரு பாட்டு பாடுதான்னு பாக்கலாம்.”