உலகக் கவிக்குப் பொன்னாடை

ஆங்கஸ் மக்குவாரியைப் பெருங்கவிஞர் என்று யோகநாதன்கூடச் சொல்லமாட்டார். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, இரண்டு கவிதைத் தொகுப்பும் ஒரு நாவலும் எழுதி, யாரும் சீந்தாததால் துபாய்க்கு வந்து, பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் திருத்தியே தலை நரைத்தவர் அவர். நாவலுக்கு வந்த ஒரே மதிப்புரை அதன் அட்டைப்படத்தைப் பாராட்டியிருந்தது. அதே பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் யோகநாதன் மட்டும் அவரை விரும்பிப் படித்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பியைப் பற்றி மக்குவாரி எழுதிய நீள்கவிதையை, மெட்ரோவிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலுமாகத் தமிழாக்கியும் வைத்திருந்தார்.

மக்குவாரிக்கு வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரம். "நிறைந்த சபையில் ஒரு தடவையாவது அந்தக் கவிதையை வாசித்துவிட்டுப் போக ஆசை" என்று தேநீர் குடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டார். யோகநாதன் உருகிப்போனார். அதோடு விட்டிருக்கலாம். நேரே தமிழ்ச் சங்கத் தலைவர் விஜயபாஸ்கரிடம் போய் நின்றார்.

விஜயபாஸ்கர் கார்கோ கம்பெனியில் மேலாளர், சங்கத்துக்கு ஆயுட்காலத் தலைவர். "வெள்ளைக்காரரா?" என்று கேட்டார். கவிதை எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "ஜமாய்ச்சிடலாம் சார். ஹால் நம்ம பொறுப்பு."

"கவிதை வாசிக்க அரை மணித்தியாலம் வேணும் அண்ணை. அதுதான் முக்கியம்."

"ஒரு மணி நேரமே எடுத்துக்கச் சொல்லுங்க!"

ஜமாய்த்தும்விட்டார். துபாயின் கராமா பகுதியில் ஓர் உணவகத்தின் மாடி ஹால், மேடை அகலத்துக்குப் பேனர். அதில் விஜயபாஸ்கர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே பாஸ்போர்ட் அளவில் மக்குவாரி. 'இங்கிலாந்து தந்த உலகக் கவியே வருக!' என்று கொட்டை எழுத்து. ஸ்காட்லாந்துக்காரரை இங்கிலாந்துக்காரர் ஆக்கிவிட்டார்களே என்று யோகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "சிலோனா? அப்ப சிங்களம்தானே பேசுவீங்க?" என்று தன்னிடம் கேட்பவர்களைப் பார்த்தாலும் அவர் இப்படித்தான் அடித்துக்கொள்வார். நல்லவேளை, மக்குவாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரைகள் என்று விழா நடந்தது. பேசியவர்கள் யாரும் அவருடைய ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. அதனால் தங்குதடை இல்லாமல் பேசினார்கள். "ஐயாவோட நாவலைக் கையில எடுத்தா கீழ வைக்கவே முடியாதுங்க" என்றார் நகைக்கடைப் பாண்டித்துரை. எடுப்பதற்கு அங்கே ஒரு பிரதிகூடக் கிடையாது. ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் ஒரு பொன்னாடை, நன்கொடை கொடுத்தவர் எவரையும் விட்டுவிட முடியாதே! போர்த்துவார்கள், கேமராவைப் பார்த்து நிற்பார்கள், படம் சரியாக விழவில்லையென்றால் உருவி மறுபடி போர்த்துவார்கள். மக்குவாரி கழுத்துவரை ஜரிகைக்குள் புதைந்துபோனார்.

யோகநாதன் மேடையோரம் போய்க் கெஞ்சினார். "அண்ணை, கவிதை..."

"இருங்க சார். எல்லாம் ப்ரோகிராம் படிதான் போவுது."

அதன்படி விஜயபாஸ்கர் தம்முடைய கவிதைகளை வாசித்தார். கைதட்டல் போதவில்லை என்று மேலும் சிலவற்றை வாசித்தார். நன்றியுரையும் முடிந்த பிறகு, "இப்போது ஐயா அவர்களின் கவிதை" என்று தொகுப்பாளர் உமாராணி அறிவிக்கவும், பின்னால் பிரியாணி அண்டாவைத் திறக்கவும் சரியாக இருந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. சபை முழுவதும் எழுந்து போய்த் தட்டேந்தி நின்றது. வரிசையில் முதல் ஆள் விஜயபாஸ்கர்.

யோகநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மக்குவாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "மைக் இருக்கிறது. நான் இருக்கிறேன். வாசியுங்கள்."

மக்குவாரி மைக்கைத் தொடவில்லை. அவர் முகம் பூரித்துக் கிடந்தது. "வேண்டாம், யோகா. என் ஊரில் என்னைப் படித்துப் பார்த்தார்கள், அதனால்தான் கைவிட்டார்கள். இங்கே யாரும் படிக்கவில்லை, எவ்வளவு அன்பு பார்! நானே வாசித்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?"

"அப்ப படிச்ச நான் ஆர்?" யோகநாதன் தன்னை மறந்து தமிழில் கத்திவிட்டார்.

வார்த்தை புரியாவிட்டாலும் மக்குவாரிக்கு முகம் புரிந்தது. யோகநாதனின் கையில் கசங்கிக்கொண்டிருந்த தமிழாக்கத் தாள்களைப் பார்த்தார்.

"உன்னுடையதை வாசி" என்றார். "எனக்குத் தமிழ் தெரியாது. நல்ல கவிதை என்று நான் நம்பிக்கொள்ளலாம்."

யோகநாதன் வாசித்தார். பின்னால் கரண்டிச் சத்தமும், "நல்ல கறிப் பீஸா பாத்துப் போடுப்பா" என்ற கூச்சலும். அவர் நிறுத்தவில்லை. படகு கவிழும் இடம் வந்தது. கரையில் நின்று அண்ணன் கூப்பிடுகிறான்: "ரோரி! ரோரி!"

தமிழாக்க முடியாமல் அப்படியே விட்டிருந்த அந்தத் தம்பியின் பெயர் மட்டும் மக்குவாரிக்குப் புரிந்தது. பொன்னாடைகளுக்குள்ளிருந்து ஒரு கை தடுமாறி மேலே வந்து கண்ணைத் துடைத்தது. கடைசி வரி முடியும்வரை அவர் ஒருவர்தான் அசையாமல் கேட்டார். அந்த ஹாலில் தமிழ் தெரியாதவர் அவர் ஒருவர்தான்.