தகரத்தின் கிட்டாரில் கரகரப்பு

இசைக்குழுவில் எல்லோரும் அவனைத் தகரம் என்றுதான் கூப்பிட்டார்கள். மரத்துக்குப் பதில் உலோகத்தால் உடம்பு செய்த கிட்டாரை வாசித்ததால் வந்த பெயர் அது. ரெசனேட்டர் கிட்டார். அதன் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்று இருக்கும். கம்பியின் அதிர்வு அந்தக் கூம்பில் இறங்கித்தான் சத்தமாக வெளியே வரும். தகரம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செய்த கிட்டார். கப்பல் வேலையை விட்டு வந்த ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான். "மூத்த தாரம் வீட்ல இருக்கான்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கல்யாணமான புதிதில் அவன் மனைவி கேலி செய்வாள்.

ஒரு மழைக்காலத்தில் கரகரப்பு தொடங்கியது. மெல்லிய கம்பிகளைத் தொட்டால் போதும், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஏதோ ஒன்று கூடவே இரைந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் மனைவி.

"ஸ்கூல் வேன் ஓட்டுறவளுக்கு எஞ்சின் சத்தம்தான் கேக்கும்."

எஞ்சினில் ஒரு திருகாணி தளர்ந்தால்கூட ஓடும்போதே கண்டுபிடிக்கிற காது அவளுடையது. அது அவனுக்கும் தெரியும்.

முதலில் பக்கத்துத் தெரு கிட்டார் கடைக்குப் போனான். கடைக்காரர் கம்பிகளை மாற்றினார், திருகாணிகளை முடுக்கினார். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தகரம் விடவில்லை. "ஏதாவது பண்ணுங்கண்ணே, சத்தம் போனா சரி" என்று அவர் பக்கத்திலேயே நின்றான். கடைசியில் அவர் கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டிவிட்டார். அதோடு கிட்டாரின் குரல் செத்தது. தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போல் ஆனது. கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தகரம் கத்தினான். "கொன்னுட்டீங்க! தொழில் தெரியாதவனெல்லாம் எதுக்குக் கடை தொறக்குறீங்க?" வீட்டுக்கு வந்த சூட்டோடு கடையின் பெயரையும் படத்தையும் போட்டு, இங்கே யாரும் போகாதீர்கள் என்று இணையத்தில் எழுதினான். நிறையப் பேர் அதைப் பகிர்ந்தார்கள். அடுத்துப் பார்த்த வயலின் ரிப்பேர்காரர், இதில் நான் கையே வைக்கமாட்டேன் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

நிகழ்ச்சிகளைத் தகரம் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தான். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கிட்டாரின் உடம்பில் காதை ஒட்டி உட்கார்ந்திருப்பான். டிவி சத்தம் எரிச்சல், அவள் பாத்திரம் கழுவினால் எரிச்சல். ஒருநாள் அவள் சிரித்ததற்கே எரிந்து விழுந்தான்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் உட்கார்ந்து அவள் யார் யாருக்கோ போன் செய்தாள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. கூம்பு அக்கா. ரயிலில் அரைநாள் தூரத்தில் இருந்தார். இந்த வகைக் கிட்டார்களை மட்டுமே பழுது பார்க்கிறவர்.

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பின்னால் அவருடைய பட்டறை இருந்தது. அலுமினியக் கூம்புகள் வெங்காயச் சருகு கனத்தில் கொடியில் வரிசையாகத் தொங்கின. அக்கா நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடியோடு கிட்டாரைத் திறந்தார்.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

"நான்தான் சொன்னேனே!" என்று தகரம் மனைவி பக்கம் திரும்பினான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் தெளிச்சி தெரிந்தது.

பசையைச் சுரண்டும்போது கூம்பின் விளிம்பு கிழிந்தது. வேறொன்று செய்து போடுகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார் அக்கா. மறுவாரம் இருவரும் மறுபடி போனார்கள். அக்காவே வாசித்துக் காட்டினார். முதல் மீட்டலிலேயே மனைவிக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

தகரம் வாங்கி வாசித்தான். முகம் கறுத்தது.

"கரகரப்பு போகல."

அக்கா மறுபடி திறந்தார். திருகாணி, மூடி, கம்பி கட்டும் இடம் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. "நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தன் கிட்டாரை எடுத்து நீட்டினார். "இதுல அதே இடத்த வாசிங்க தம்பி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

வாசித்தான். "உங்களுதுலயும் அதே கோளாறு இருக்கேக்கா!" என்றான். கிட்டத்தட்ட சந்தோஷமாகவே சொன்னான்.

அக்கா ஒரு மரக் கிட்டாரைக் கொடுத்தார். கூம்பே இல்லாத கிட்டார்.

"இதுலயும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

மேசையில் டீ குடித்த கண்ணாடி டம்ளர் இருந்தது. தகரம் கரண்டியால் அதைத் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு தடவை தட்டினான். கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

"காது டாக்டர் யாரையாவது பாருங்க தம்பி" என்றார் அக்கா மெதுவாக.

"எனக்கா? இத்தனை வருஷத்துல நான் சுருதி பிசகினதா யாராவது சொல்லட்டும்!" கிட்டாரைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினான். திரும்பும் ரயிலில் மனைவி அவன் கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டான்.

டாக்டரிடம் போவதற்கு அவனுக்குச் சில வாரங்கள் ஆயின. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். தாளில் கோடு நேராக வந்து, உயர்ந்த சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மலைச்சரிவாக இறங்கியது.

"ஸ்பீக்கர் முன்னாடியே நின்னு வாசிச்சிருக்கீங்க. மேல் சுரம் கேக்குற நரம்பு அடிபட்டதாலதான் எல்லாம் கரகரன்னு கேக்குது. போனது திரும்பி வராதுங்க" என்றார் டாக்டர். "மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே வேனில் ஏறி, பிள்ளைகள் உட்காரும் சின்ன இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தகரம் அழுதான். அவள் எஞ்சினைப் போடாமல் காத்திருந்தாள்.

கடையைப் பற்றி எழுதியதை அன்றைக்கே அழித்தான். "அழிச்சா ஆச்சா?" என்றாள் அவள். மறுநாள் கடைக்குப் போனான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"பசை வெச்சது என் தப்புதான். அத நான் இல்லங்கல" என்றார் அவர். "ஆனா நீங்க எழுதினதப் படிச்சுட்டு என் பொண்ணு கடைக்கு வர்றதையே நிறுத்திட்டா. இப்ப சொன்னதையும் எழுதுங்க. ஊர் படிக்கட்டும்."

எழுதினான். அவன் காதில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும் என்பதால், போடுவதற்கு முன் பலமுறை அழித்துத் திருத்தினான். முதல் தடவை பகிர்ந்தவர்களில் பாதிப் பேர்கூட இதைச் சீண்டவில்லை. கடைக்காரர் அவனை மன்னித்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஒருவன் மட்டும் உடனே படித்தான். இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன், எல்லோரும் அவனை இடி என்பார்கள். நேராக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஏண்டா, என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னா வேற ஆள் பாத்துடுவீங்களோன்னு..."

இடி தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு இடது காதுல குக்கர் மாதிரி விசில் அடிச்சுக்கிட்டே இருக்குடா. ரொம்ப நாளா. அதே பயம்தான். வீட்ல கூட சொல்லல."

தகரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே வா என்று தோளில் கைபோட்டு அழைத்தான். இருவரும் உட்கார்ந்தார்கள். கிட்டார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சமையலறையிலிருந்து அவள் வந்தாள். "திங்கக்கிழமை ஸ்கூல் லீவு. ரெண்டு பேரும் வேன்ல ஏறுறீங்க."

"எனக்கு எதுக்கு, அது தானா..." என்று இடி ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டான்.