பல் டாக்டரம்மாவின் நாக்கு

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பல் பிடுங்குகிற இடத்துக் கதை ஒன்று சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், வலிக்காது.

ஒரு பல் டாக்டரம்மா இருந்தாள். கைராசிக்காரி. காலையில் கிளினிக்கைத் திறந்ததும் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, இன்னைக்கும் என் கையை நீரே நடத்தும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள். கை பஞ்சு மாதிரி. வாய்தான் அரம். நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர் என்ன பதில் சொல்லிவிட முடியும்? அதனால், தான் சொல்வதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஒருநாள் அவள் அக்கா வீட்டுக்காரர் வந்தார். லாரி ஓட்டுகிறவர், ஞாயிறு ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். பல்வலி என்று வாயைத் திறந்தார்.

"என்ன அத்தான், இது வாயா குப்பைத்தொட்டியா? இதை வச்சுக்கிட்டா சபையில பாடுறீங்க?"

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவர் எழுந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு பாட்டை வேறொருவர் எடுத்தார்.

பிறகு அக்கா போனில் அழுதாள். "மூஞ்சி பலூன் மாதிரி வீங்கிப் போச்சுடி. தண்ணிகூட இறங்கல. 'என் வாயை இனி எந்த டாக்டருக்கும் காட்ட மாட்டேன்'னு பிடிவாதமா படுத்திருக்காரு."

சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? ஓடினாள். அக்கா வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் கையை மட்டும்தான் ஆண்டவரிடம் கொடுத்திருக்கிறாள்; நாக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாள். 'இதையும் நீரே நடத்தும், அப்பா.'

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அத்தான், நான் பேசினது தப்பு. வலின்னு வந்தவருக்கு இன்னொரு வலியையும் கொடுத்து அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க."

"இங்க நாலு சுவத்துக்குள்ள வந்து சொல்ற," என்று அவர் முனகினார். "அங்க அத்தனை பேர் சிரிச்சாங்களே."

"வாங்க. அங்கேயே சொல்றேன்."

சொன்னாள். கிளினிக்குக்கு அவரைக் கூட்டிவந்து, காத்திருந்தவர்கள் நடுவே நின்று, "இவர் என் அத்தான். வலியோட வந்தவரை அன்னைக்கு இங்க வச்சுக் கேவலப்படுத்திட்டேன். இவர் பாடினா எனக்கு ஜெபம் தானா வரும். அதை இவர்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல," என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும், "அப்படியே என்னைத் திட்டினதுக்கும் சேர்த்துச் சொல்லிடு தாயி," என்றார்.

"உங்களுக்கும் சேர்த்துதாம்மா."

நாற்காலியில் அக்கா வீட்டுக்காரர் முடிந்தமட்டும் வாயைத் திறந்தார். பழைய வார்த்தை ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "நல்லவேளை வந்துட்டீங்க அத்தான். சரி பண்ணிடலாம்." ஊசி போட்டு, கீறி, சீழை வெளியேற்றினாள். வீக்கம் வடிய நாளாகும். ஆனாலும் அவர் தோள்கள் தளர்ந்து இறங்கின.

"இப்ப வேணா திட்டிக்கோ," என்றார் குழறிக் குழறி. "பாதி மூஞ்சி மரத்துக் கிடக்கு, ஒண்ணும் ஏறாது."

"ஸ்டாக் தீந்து போச்சு அத்தான்."

கதவுக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அவரும், மரத்துப்போகாத பாதி உதட்டால், கூடச் சேர்ந்து சிரித்தார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டுக்குள் வலியோடு வருகிறவருக்கு முதலில் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கட்டும். உங்கள் பேச்சு ஒருவருக்கொருவர் மருந்தாக இருக்கட்டும். கர்த்தர் உங்கள் வாசலில் சமாதானமாகத் தங்கட்டும்.